மக்கர் செய்யும் பழைய கணினி: கோளாறு எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

முழுதாகச் செத்துப்போன கணினியைச் சரிபார்ப்பது எளிது. ஒரு பாகத்தை மாற்றினால் ஓடியதா இல்லையா என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். காலையில் மூன்று தடவை பட்டனை அழுத்தியும் எழாமல், நான்காவது தடவை கிளம்பி, அன்று முழுக்க ஒழுங்காக வேலை செய்கிறதே, அந்தக் கணினிதான் ஆளைப் படுத்தும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே முதல் தடவையே ஓடும். "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ராமை மாற்றுவார்கள், விண்டோஸைப் புதிதாகப் போடுவார்கள். ஒரு வாரத்தில் பழைய கதை திரும்பும்.

இப்படி விட்டு விட்டு வரும் கோளாறைக் கண்டுபிடிக்கக் கடைக்காரரை விட வீட்டில் இருப்பவருக்கே வசதி அதிகம். அது எப்போது எழ மறுக்கிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது தினமும் கூட இருப்பவருக்குத்தான் தெரியும். அந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதிக்கு ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவர், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை போதும்.

எடுத்துக்காட்டாக 2011 முதல் 2013 வரை ஏராளமாக விற்ற ஒரு வகையை எடுத்துக்கொள்கிறேன்: இன்டெல் இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், எச்61 சிப்செட் போர்டு, டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். வீட்டிலும் ஜெராக்ஸ் கடையிலும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை இவை. உங்களுடையது வேறு மாதிரியாக இருந்தாலும் தேடும் முறை ஒன்றுதான்.

முதலில் ஃபைல்கள்

கணினி இன்றைக்கு எப்படியோ ஓடிவிட்டது என்றால், வேறு எதையும் செய்யாதீர்கள். அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கவும் வேண்டாம். புகைப்படங்கள், கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன், டேலி டேட்டா என்று எது போனால் திரும்ப வராதோ அதை வெளி ஹார்டு டிஸ்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுங்கள். எழுவதற்கு மறுப்பது ஹார்டு டிஸ்கின் கடைசிக் கட்டமாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் ஒவ்வொரு தடவை அணைத்துப் போடுவதும் அதற்கு ஒரு சோதனை.

ஓடவே இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம். மதர்போர்டோ, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸோ போனாலும் டிஸ்கில் உள்ளது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். சாட்டா (டிஸ்கைப் போர்டோடு சேர்க்கும் இணைப்பு வகை) டிஸ்கை யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் கிடைக்கிறது. டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும் என்பதால், கூடவே பவர் அடாப்டர் வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். லேப்டாப் டிஸ்குக்கான சின்ன வயர் இதற்கு உதவாது.

ஒரு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு நோட்டில் தினமும் நான்கு விஷயம் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் அணைந்திருந்த பிறகு போட்டீர்கள்? சுவர் ஸ்விட்ச் இரவு ஆனில் இருந்ததா, அணைத்திருந்ததா? பட்டனை அழுத்தியதும் விளக்கு, ஃபேன், பீப் சத்தம், திரை இவற்றில் எது வந்தது, எது வரவில்லை? எத்தனையாவது முயற்சியில் ஓடியது?

சலிப்பான வேலைதான். ஆனால் நாலைந்து நாளிலேயே ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். காலையில் மட்டும் தகராறு, மதியம் அணைத்துப் போட்டால் உடனே வருகிறது என்றால் குளிர்ந்திருக்கும்போது வரும் கோளாறு; எஸ்.எம்.பி.எஸ் மேல்தான் முதல் சந்தேகம். ஒரு மணி நேரம் ஓடியபின் அணைந்து, ஆறும்வரை எழவில்லை என்றால் சூட்டுப் பிரச்சினை. மேசையை நகர்த்தினால், பெட்டியைத் தட்டினால் ஓடுகிறது என்றால் எங்கேயோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. மாலையில் தெரு முழுக்க ஏசி ஓடும் நேரத்தில் மட்டும் மறுக்கிறது என்றால், வீட்டுக்கு வரும் மின்சாரமே குறைவாக இருக்கலாம். ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் மீட்டரைப் பாருங்கள்.

பெட்டியைத் திறக்குமுன் சில எச்சரிக்கைகள்

சுவர் ஸ்விட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். உள்ளே கை வைக்குமுன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் ராமையும் போர்டையும் கெடுக்காமல் இருக்க அது போதும்.

எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி அதற்குள் சுமார் 320 வோல்ட் டிசியாகிப் பெரிய கெபாசிட்டர்களில் தேங்கியிருக்கும். கார்டைப் பிடுங்கிய பிறகும் அங்கே அது கொஞ்ச நேரம் நிற்கும். உயிருக்கு ஆபத்தான அளவு அது. பழைய எஸ்.எம்.பி.எஸ் சிலவற்றின் பின்னால் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அதையும் தொடாதீர்கள், நம் ஊர் மின்சாரத்தில் 115-க்குத் தள்ளிப் போட்டால் வெடித்துவிடும்.

உள்ளே தூசி அப்பியிருந்தால் சோதனைக்கு முன்பே சுத்தம் செய்துவிடுங்கள். பெயின்ட் பிரஷ், கை ப்ளோயர் இரண்டும் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறான வேகத்தில் சுற்ற விடக் கூடாது. எறும்புக் கூடு, பல்லி முட்டை, போர்டின் அடியில் உருண்டு போன ஸ்குரூ என்று எது இருந்தாலும் இப்போதே கண்ணில் படும்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது

பட்டனை அழுத்தியதும் நடப்பதை நான்காகப் பிரிக்கலாம். எதுவுமே நடக்காமல் கல் மாதிரி கிடப்பது ஒன்று. ஃபேன் சுற்றத் தொடங்கி, சில விநாடியில் நின்றுவிடுவது இரண்டாவது. ஃபேன் நன்றாகச் சுற்றியும் திரை கறுப்பாகவே இருப்பது மூன்றாவது. கம்பெனி லோகோ வரை வந்து விண்டோஸுக்குள் போகாமல் நிற்பது நான்காவது. சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் வேறு. நான்காவது கட்டத்தில் நிற்கும் கணினிக்கு எஸ்.எம்.பி.எஸ் மாற்றுவதும், முதல் கட்டத்தில் நிற்பதற்கு விண்டோஸ் போடுவதும் வீண் செலவு.

கல் மாதிரி கிடந்தால்

வெளியிலிருந்து உள்ளே போங்கள். யூபிஎஸ்ஸையும் ஸ்பைக் பஸ்டரையும் விலக்கி, பவர் கார்டை நேராகச் சுவரில் செருகுங்கள். பேட்டரி தளர்ந்த யூபிஎஸ், விளக்கு எரிந்தாலும் சுமை ஏறும் அந்தக் கணத்தில் கவிழ்ந்துவிடும். பவர் கார்டையும் மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்குப் போகும் கார்டு பெரும்பாலும் அதே மாதிரிதான்.

அடுத்து பவர் பட்டன். பத்து வருடம் அழுத்திய சின்ன ஸ்விட்ச் தேய்ந்துபோவது சகஜம், இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. போர்டின் ஓரத்தில் மெல்லிய வயர்கள் கொத்தாகச் செருகியிருக்கும் இடத்தில் பவர் ஸ்விட்ச் என்று எழுதிய இரண்டு பின் இணைப்பு இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். அங்கே இருப்பது 5 வோல்ட் அளவுதான், ஷாக் அடிக்காது. இப்படித் தொட்டால் ஒவ்வொரு தடவையும் ஓடுகிறது, பட்டனில் மட்டும் மக்கர் என்றால் கோளாறு கிடைத்துவிட்டது. ரீசெட் பட்டனின் வயரை எடுத்து பவர் பின்களில் செருகிவிடுங்கள். இனி ரீசெட் பட்டனே பவர் பட்டன். செலவு எதுவும் இல்லை.

அதே இடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ரீசெட் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால் போர்டு ரீசெட்டிலேயே நிற்கும். ஃபேன் சுற்றும், திரை வராது. பவர் பட்டன் சிக்கிக்கொண்டால் கணினி ஓடி, சரியாக நான்கு விநாடியில் அணையும். பட்டனை அழுத்திப் பிடித்து வலுக்கட்டாயமாக அணைப்பதற்கு வைத்திருக்கும் நேரம் அது. நான்கு விநாடிக் கணக்கு தவறாமல் வந்தால் முதலில் பட்டனைத்தான் பாருங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்: காலையில் மட்டும் தகராறு செய்வது ஏன்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய கணினிகளில் "சில நேரம் வரும், சில நேரம் வராது" என்ற புகாரில் பெரும்பங்கு இங்கேதான் போய் முடிகிறது.

கணினி அணைந்திருந்தாலும், சுவர் ஸ்விட்ச் ஆனில் இருந்தால் எஸ்.எம்.பி.எஸ் ஒரு 5 வோல்ட்டை எப்போதும் போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஊதா நிற வயர் அது. பவர் பட்டனுக்கு உயிர் கொடுப்பது இந்த 5 வோல்ட்தான். பட்டனை அழுத்தினால் போர்டு பச்சை வயரைக் கறுப்போடு சேர்க்கும், எஸ்.எம்.பி.எஸ் முழுதாக விழித்து 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தரும். எல்லாம் நிலைக்கு வந்ததும் சாம்பல் வயரில் "தயார்" என்று ஒரு சைகை போகும். அழுத்தியதிலிருந்து இதற்குள் ஒரு விநாடிகூட ஆகாது. அந்தச் சைகை வராவிட்டால் போர்டு ப்ராசஸரை ஓட விடாது.

இந்த வேலைகளுக்கெல்லாம் நடுவில் இருப்பவை எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். அவற்றுக்குள் ஈரமான ஒரு கரைசல் இருக்கும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அது மெல்ல வற்றும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. வற்றிய கெபாசிட்டரின் உள் தடை, குளிர்ந்திருக்கும்போது மிக அதிகமாகவும் சூடானதும் குறைவாகவும் இருக்கும். அதனால்தான் முதல் இரண்டு மூன்று முயற்சியில் தள்ளாடி, அந்த முயற்சிகளிலேயே கொஞ்சம் சூடேறி, நான்காவதில் ஓடுகிறது. மார்கழிக் காலையில் இன்னும் மோசமாகும். இரவு சுவர் ஸ்விட்சை அணைக்காமல் விட்டால் காலையில் உடனே ஓடுகிறது, அணைத்திருந்தால் மக்கர் செய்கிறது என்று உங்கள் நோட்டு சொன்னால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. அணைந்திருக்கும்போதும் வேலை செய்யும் அந்த 5 வோல்ட் பகுதி உள்ளே லேசான வெதுவெதுப்பைத் தக்க வைத்திருக்கிறது என்பதே காரணம்.

அளந்து பார்க்கலாம். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். எதிலும் மாட்டாமல் தொங்கும் நான்கு பின் பெரிய கனெக்டர் ஒன்று உள்ளே இருக்கும். கணினி ஓடும்போது மீட்டரின் கறுப்புக் கம்பியைக் கறுப்பு வயர்த் துளையிலும் சிவப்புக் கம்பியை மஞ்சள் வயர்த் துளையிலும் வைத்தால் 12 வோல்ட் வர வேண்டும், 11.4-க்குக் கீழே போனாலும் 12.6-க்கு மேலே ஏறினாலும் தவறு. சிவப்பு வயரில் 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். ஊதா வயர் 24 பின் பெரிய கனெக்டரில் இருக்கும். கணினி அணைந்து சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது அதன் பின்பக்கத்திலிருந்து கம்பியை நுழைத்துப் பாருங்கள், அதற்கும் 5 வோல்ட் கணக்குதான். இரண்டு துளைகளையும் மீட்டர் கம்பியால் சேர்த்துத் தொட்டுவிடாமல் கவனமாக இருங்கள்.

பேப்பர் பின் ஒன்றை வளைத்து, 24 பின் கனெக்டரின் பச்சையையும் கறுப்பையும் சேர்த்து எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தனியாக ஓடவிடும் வழி பலருக்கும் தெரியும். கார்டைப் பிடுங்கி, போர்டிலிருந்தும் டிஸ்கிலிருந்தும் எல்லாக் கனெக்டரையும் கழற்றியபின் பின்னைச் செருகி, அதற்குப் பிறகே கரன்ட் கொடுக்க வேண்டும். ஃபேன் சுற்றாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ் போய்விட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். சுற்றினால் நல்லது என்று அர்த்தமில்லை. சுமையே இல்லாமல் சுற்றுவது வேறு, ப்ராசஸர் இழுக்கும்போது தாங்குவது வேறு. மீட்டரும்கூட, விழிக்கும் அந்தக் கணத்தில் நடக்கும் தடுமாற்றத்தைக் காட்டாது. ஆகவே உறுதியான சோதனை ஒன்றுதான்: தெரிந்தவரிடம் நன்றாக ஓடும் எஸ்.எம்.பி.எஸ் ஒன்றை இரவல் வாங்கி, ஒரு வாரம் அதில் ஓட்டுவது.

புதிதாக வாங்கினால் ஸ்டிக்கரில் பெரிய வாட் எண் போட்டிருப்பதை நம்பி எடை இல்லாத மலிவுப் பெட்டியை எடுக்காதீர்கள். நாம் பேசும் ஐ3 ப்ராசஸரின் வெப்ப அளவே அதிகபட்சம் 65 வாட்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு 80 பிளஸ் சான்று (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான சான்று) உள்ள நல்ல கம்பெனியின் 400, 450 வாட் தாராளம். நாளைக்கு வேறு போர்டு வாங்கினாலும் அதுவே உதவும் என்பதால், இந்தக் கணினியில் நான் தயங்காமல் காசு போடச் சொல்லும் பாகம் இது.

போர்டில் சின்ன உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுதான் குற்றவாளி. ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் தரம் கெட்ட கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் புகுந்திருந்தன. அந்தக் காலத்துக் கணினி உங்களிடம் இருந்தால் கட்டாயம் பாருங்கள். சால்டரிங் தெரிந்த மெக்கானிக் அதே மதிப்புள்ளதைப் போட்டுத் தருவார்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

மானிட்டர் வயரை இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் எடுத்துவிட்டு, போர்டிலேயே உள்ள டிஸ்ப்ளே துளையில் மானிட்டரைச் செருகுங்கள். ஐ3-க்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு.

பிறகு ராம். ஸ்லாட்டின் இரு முனைக் கிளிப்பையும் விலக்கி எடுத்து, தங்க நிறத் தொடுமுனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். வேலை செய்யும்தான், ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது; அடிக்கடி தேய்த்தால் பூச்சே போய்விடும். ரப்பர்தான் இருக்கிறதென்றால் மெதுவாக ஒரு தடவை, அதுவும் பெட்டியை விட்டுத் தள்ளி வைத்து. துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தலைவலி. திரும்ப மாட்டும்போது இரு பக்கக் கிளிப்பும் தானாக மடங்கும்வரை நேராக அழுத்துங்கள்.

எச்61 போர்டில் ராம் ஸ்லாட் இரண்டுதான். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள், பிறகு மற்றதை. அதே ராமை இரண்டாவது ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். ராம் கெட்டிருக்கிறதா, ஸ்லாட் கெட்டிருக்கிறதா என்பது இப்படித்தான் பிரியும். ஓடும் நேரத்தில் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் எங்கேயோ கோளாறு உண்டு. "ஒன்றுதானே" என்று விடக் கூடாது.

பீப் சத்தம் இங்கே பெரிய உதவி. மலிவான கேபினட்டுகளில் ஸ்பீக்கரே இருக்காது. போர்டில் செருகும் குட்டி ஸ்பீக்கர், சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் சொற்ப விலைக்குக் கிடைக்கும், ஒன்று வாங்கி வையுங்கள். எல்லா ராமையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். விடாமல் பீப் அடித்தால் நல்ல செய்தி: ப்ராசஸர், பயாஸ் (கணினியை எழுப்பும், போர்டிலேயே உள்ள தொடக்க மென்பொருள்), போர்டின் முக்கியப் பகுதி மூன்றும் உயிரோடு இருக்கின்றன, ராம் இல்லை என்று அவைதான் கத்துகின்றன. ஒரு சத்தமும் இல்லையென்றால் போர்டு, ப்ராசஸர், எஸ்.எம்.பி.எஸ் மூன்றில் ஒன்று. எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது பயாஸுக்குப் பயாஸ் மாறும்; உங்கள் போர்டின் கையேட்டைப் பார்ப்பதே சரி.

இதற்கும் மசியாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றுங்கள். போர்டு, ப்ராசஸர், ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ், மானிட்டர் மட்டும். டிஸ்க், டிவிடி டிரைவ், யூஎஸ்பியில் உள்ளவை, முன்பக்க யூஎஸ்பி வயர், எதுவும் வேண்டாம். போர்டை வெளியே எடுத்து அட்டை மேல் வைத்தும் ஓட்டிப் பார்க்கலாம். கேபினட்டில் எங்கேயாவது இடித்து ஷார்ட் ஆகிறதென்றால் அதில் தெரிந்துவிடும். இந்த நிலையில் தொடர்ந்து ஓடினால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்த்ததும் மக்கர் திரும்புகிறதோ, அங்கே தேடுங்கள்.

ஓடி நின்றுவிடுவது

நான்கு விநாடிக் கணக்கு இல்லாமல், சில விநாடியிலோ ஓரிரு நிமிடத்திலோ அணைந்தால் ப்ராசஸரின் மேல் உள்ள ஃபேனை அசைத்துப் பாருங்கள். இன்டெல் ஃபேனை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் போர்டில் பிடித்திருக்கும். அவற்றில் ஒன்று கழன்றாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ப்ராசஸர் கொதிக்கும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். ப்ராசஸரின் சூட்டை ஃபேன் அடியில் உள்ள உலோகத்துக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பத்து வருடத்தில் காய்ந்து பொடியாகியிருக்கும். பழையதைத் துடைத்துவிட்டு, நடுவில் சின்னப் பட்டாணி அளவு புதியதை வைத்து, ஊசிகளை எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். பயாஸுக்குள் போனால் ப்ராசஸர் சூட்டைக் காட்டும் பக்கம் உண்டு. ஒன்றும் ஓடாமலே 80 டிகிரிக்கு ஏறிக்கொண்டு போனால் ஃபேன் சரியாக உட்காரவில்லை.

சின்ன பேட்டரி

போர்டில் நாணயம் போல் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி 3 வோல்ட். மீட்டரில் 2.7-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். தேதி பல வருடம் பின்னால் போவது, இணையத்தில் எந்தப் பக்கம் போனாலும் சான்றிதழ் பிழை வருவது, ஒவ்வொரு தடவையும் எஃப்1 அழுத்தச் சொல்வது எல்லாம் இதன் அறிகுறிகள். சில போர்டுகள் இந்தப் பேட்டரி தீர்ந்தால் ஓடி ஓடி அணையும், திரையே காட்டாது.

மாற்றுமுன் பயாஸ் திரைகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். முக்கியமாக சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்கோடு பேசும் முறை. அது ஐடிஇ என்று இருக்கிறதா ஏஎச்சிஐ என்று இருக்கிறதா? பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் கம்பெனி வைத்த அமைப்புக்கே போய்விடும். இந்த ஒரு வரி மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்று, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து ஃபார்மேட் செய்தவர்கள் உண்டு. பழையபடி மாற்றிவிட்டால் அடுத்த நிமிடமே ஓடும்.

லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை

யூஎஸ்பியில் உள்ள எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போடுங்கள். மறந்துபோன பென் டிரைவிலிருந்து ஓடப் பார்த்து நிற்பது மிகச் சாதாரணம்.

ஷட்டவுன் செய்து போட்டால் தகராறு, ரீஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக வருகிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் 8 முதல், ஷட்டவுன் செய்யும்போது கணினி பாதி நினைவை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது. பழைய டிரைவர்களுக்கு இது ஒத்துவராது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

டிஸ்கைப் பார்க்கக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். 05, சி5, சி6 ஆகிய வரிகளின் கடைசிப் பத்தியில் பூஜ்யம் தவிர வேறு எண் வந்து, அது வாராவாரம் கூடினால் டிஸ்குக்கு ஆயுள் முடிகிறது. சி7 மட்டும் கூடினால் டிஸ்க் மேல் தப்பில்லை, பெரும்பாலும் சாட்டா வயர்தான். வயரை மாற்றுங்கள், போர்டில் வேறு துளையில் செருகிப் பாருங்கள். "டக், டக்" என்று தட்டும் சத்தம் கேட்டால் இதையெல்லாம் செய்துகொண்டிருக்காமல் உடனே அணைத்துவிடுங்கள். ஃபைல் வேண்டுமென்றால் டேட்டா மீட்பவரிடம்தான் போக வேண்டும்.

டிஸ்க் மாற்றுவதானால் சாட்டா எஸ்.எஸ்.டி வாங்குங்கள். எச்61-இன் சாட்டா துளைகள் பழைய 3 ஜிகாபிட் வேகம்தான் என்றாலும், ஹார்டு டிஸ்கிலிருந்து வருபவருக்கு அது புதுக் கணினி மாதிரி தெரியும்.

எவ்வளவு செலவு செய்யலாம்

எஸ்.எம்.பி.எஸ், எஸ்.எஸ்.டி இரண்டும் அடுத்த கணினிக்கும் போகும், அவற்றில் போடும் காசு வீணில்லை. போர்டு போய்விட்டால் யோசியுங்கள். எச்61 போர்டுகள் பெயர் தெரியாத தயாரிப்புகளாக இன்றும் விற்கின்றன, உங்கள் ப்ராசஸரும் ராமும் அதில் பொருந்தும். டைப் செய்யவும் பில் போடவும் மட்டும் என்றால் அது போதும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 இந்தத் தலைமுறை ப்ராசஸரை ஏற்பதில்லை. வங்கி வேலைக்கும் இதையே நம்பியிருப்பவர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். அது பிடிக்காவிட்டால், போர்டுக்குக் காசு போடாமல் வேறு கணினிக்குச் சேர்ப்பதே நல்லது.

கடைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்ஸையும் சோதிக்க அது தேவையில்லை, உங்கள் குடும்பப் படங்கள் வெளியே போகவும் வேண்டாம். உங்கள் நோட்டைக் காட்டுங்கள். "போர்டு போச்சு" என்று சொன்னால், உங்கள் போர்டை அவர்களுடைய நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸில் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். காலையில் மட்டும் வரும் கோளாறு என்றால், ஒரு இரவு கரன்ட் இல்லாமல் கடையிலேயே வைத்து மறுநாள் முதல் வேலையாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்களே செய்தாலும் அதே கணக்குதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று நாளுக்கு ஒரு தடவை வந்த கோளாறு என்றால், மாற்றியபின் ஒரு தடவை ஓடியது எதையும் நிரூபிக்காது. முன்பு எந்தச் சூழ்நிலையில் மறுத்ததோ, அதே சூழ்நிலையில் இரண்டு வாரம் ஓட வேண்டும். அதுவரை கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல், எந்தத் தேதியில் எதற்காகக் கழற்றியது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.